பிளான் ஒன்று சொல்ல, விமானம் ஒன்று செய்தால்: சிமுலேட்டரில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டுச் சிமுலேட்டரில் ஒரே பயணத்துக்கு நான்கு தரவுத்தளங்கள் வேலை செய்கின்றன. ரூட் போட்டுத் தரும் பிளானரிடம் ஒன்று, விமானத்தின் எஃப்எம்சிக்குள் (பயணப் பாதையைக் கணக்கிட்டு நடத்தும் கணினி) ஒன்று, ஓடுபாதைகளையும் ஐஎல்எஸ் (தரையிறங்க ரேடியோவால் வழிகாட்டும்) கருவிகளையும் வைத்திருக்கும் சிமுலேட்டர் உலகத்தில் ஒன்று, நீங்கள் திறந்து வைத்திருக்கும் சார்ட் (விமான வழி வரைபடம்) இன்னொன்று. இந்த நான்கும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதில்லை. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இவற்றில் இரண்டு முரண்படுவதால் வருபவை. மிச்சம், விமானம் எந்த மோடில் இருக்கிறது என்று கவனிக்காததால் வருபவை.

அதனால் எந்த அறிகுறியானாலும் முதலில் ஏராக் எண்ணை, அதாவது தரவுச் சுழற்சியின் எண்ணை, பாருங்கள். வான்வழித் தரவு 28 நாளுக்கு ஒருமுறை, எப்போதும் வியாழக்கிழமையில் மாறுகிறது. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு அந்த ஆண்டின் சுழற்சி: 2405 என்றால் 2024-இன் ஐந்தாவது. வழக்கமாக ஆண்டுக்கு 13 சுழற்சி. 2020-இல் 14 வந்ததால், டிசம்பர் 31 அன்று அமலான சுழற்சிக்கு 2014 என்று பெயர். அதைப் பார்த்து ஆறு வருடப் பழைய தரவு என்று பதறியவர்களும் உண்டு. போயிங்கில் ஐடென்ட் பக்கத்திலும், ஏர்பஸ்ஸில் டேட்டா பொத்தானுக்குள் ஏர்கிராஃப்ட் ஸ்டேட்டஸ் பக்கத்திலும் சுழற்சியின் தேதிகள் இருக்கும். சிம்பிரீஃப் என்ற இணையப் பிளானரிலும் எண்ணைப் பார்க்கலாம். சந்தா இல்லாத சிம்பிரீஃப் பழைய சுழற்சியையே பயன்படுத்தும் என்பதை மறக்க வேண்டாம்.

காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: நான்கும் ஒரே சுழற்சியில் இருப்பது, ஏதோ ஒன்று மட்டும் புத்தம் புதிதாக இருப்பதைவிட மேல். தனியாகப் பறப்பவருக்கு இரண்டு வருடப் பழைய தரவு ஒரு குறையே அல்ல. வாட்சிம், இவாவ் போன்ற ஆன்லைன் வலைகளில் கட்டுப்பாட்டாளரோடு பறப்பவருக்குத்தான் நடப்புச் சுழற்சி உண்மையில் தேவை.

அறிகுறி: எஃப்எம்சி "நாட் இன் டேட்டாபேஸ்" என்கிறது

எழுத்துப் பிழை இல்லையென்றால், அந்தப் பெயர் விமானத்தின் சுழற்சியில் இல்லை. எது இல்லை என்பதைப் பொறுத்துத் தீர்வு மாறும்.

சிட் (புறப்பாட்டு நடைமுறை) அல்லது ஸ்டார் (வருகை நடைமுறை) என்றால் பெயரின் கடைசி எண்ணைப் பாருங்கள். அந்த நடைமுறை திருத்தப்படும்போதெல்லாம் எண் ஒன்று கூடும்; 9-க்குப் பிறகு மறுபடி 1. பிளானில் 3, எஃப்எம்சி பட்டியலில் 4 என்றால் 4-ஐயே எடுங்கள். எடுத்தபின் அதன் கடைசி வேபாயின்ட்டும் (பாதையில் பெயரிட்ட புள்ளி) பிளானில் ரூட் தொடங்கும் வேபாயின்ட்டும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். ஒன்றாக இருந்தால் பறக்கலாம்.

ஏர்வே (பெயரிட்ட வான்பாதை) என்றால், அதன் பெயர் இருந்தும் நீங்கள் கேட்கும் புள்ளி அதில் இல்லாமல் போயிருக்கலாம். ஏர்வேயை விட்டுவிட்டு, அது தொடங்கும் புள்ளியையும் முடியும் புள்ளியையும் டைரக்டாகப் போடுங்கள். நடுவில் பெரிய வளைவு இருந்தால் மட்டும் இடைப்புள்ளி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தனி வேபாயின்ட் என்றால் பிளானின் நேவ்லாக்கில் (புள்ளிகளின் பட்டியல்) அதன் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். அதை நேரடியாகத் தட்டிவிடலாம். அந்த ஒரு புள்ளியைத் தாண்டிப் போகவும் செய்யலாம். பெரும்பாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

தரவைப் புதுப்பித்தும் பழைய தேதியே காட்டினால், கோப்புகள் தவறான இடத்தில் விழுந்திருக்கின்றன. எக்ஸ்-பிளேனில் புதிய தரவு, மூலக் கோப்புறையின் நேர் கீழே உள்ள "கஸ்டம் டேட்டா"வுக்குள் போக வேண்டும். ரிசோர்சஸுக்குள் இருக்கும் "டிஃபால்ட் டேட்டா"வைத் தொடக் கூடாது. இடம் மாறினால் எக்ஸ்-பிளேன் எதுவும் சொல்லாமல் பழையதையே படிக்கும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் வேறொரு குழப்பம்: சில விமானங்கள் சிமுலேட்டரின் தரவைப் படிக்கும், பிஎம்டிஜி, ஃபீனிக்ஸ் போன்றவை தங்களுக்கென்று தனித் தரவு வைத்திருக்கும். ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது தானாகப் புதிதாகாது. எதைப் புதுப்பித்தாலும் சிமுலேட்டரை மூடித் திறக்க வேண்டும்.

அறிகுறி: பிளான் கோப்பு ஏறவில்லை, அல்லது பாதிதான் ஏறுகிறது

வடிவம் சரிதானா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் உலக வரைபடத்தில் ஏற்றிய பிஎல்என் கோப்பு, தனித் தரவு வைத்திருக்கும் விமானத்தின் எஃப்எம்சிக்குள் போகாது. அவற்றுக்கு அவற்றின் சொந்த வடிவமோ, விமானி அறை டேப்லெட் வழியாக சிம்பிரீஃப் இறக்குமதியோ வேண்டும். இறக்குமதி எப்போதும் கடைசியாக உருவாக்கிய பிளானைத்தான் எடுக்கும். ரூட்டைத் திருத்திவிட்டு மறுபடி உருவாக்காமல் விட்டால் பழையதே வந்து நிற்கும். "ஏன் நேற்றைய பிளான் வருகிறது" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

எக்ஸ்-பிளேனுக்கு எஃப்எம்எஸ் கோப்பு, அவுட்புட் கோப்புறைக்குள் இருக்கும் "எஃப்எம்எஸ் பிளான்ஸ்" கோப்புறையில் இருக்க வேண்டும். ஏற்றும்போது மறுத்தால் அதை நோட்பேடில் திறந்து பாருங்கள், வெறும் உரைதான். தலைப்பில் சிட், ஸ்டார், அப்ரோச் (இறங்கும் நடைமுறை) பெயர்கள் தனித்தனி வரியாக இருக்கும். அவற்றை நீக்கிவிட்டு, புறப்படும் இடம், சேரும் இடம், நடுப்புள்ளிகள் மட்டும் வைத்துச் சேமியுங்கள். நடைமுறைகளை எஃப்எம்சியிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நடுப்புள்ளி எதையாவது நீக்கினால், மொத்தம் எத்தனை புள்ளி என்று சொல்லும் வரியையும் திருத்துங்கள்.

அறிகுறி: ரூட்டின் தூரம் திடீரென்று ஆயிரக்கணக்கில் எகிறுகிறது

ஒரே பெயரில் உலகில் பல புள்ளிகள் இருக்கின்றன. இரண்டெழுத்து என்டிபிகளிலும் மூன்றெழுத்து விஓஆர்களிலும் (தரை ரேடியோ நிலையங்கள்) இது மிக அதிகம். எஃப்எம்சி பட்டியல் நீட்டும்போது அவசரத்தில் தவறானதைத் தொட்டிருப்பீர்கள். லெக்ஸ் பக்கத்தைப் புரட்டி, எந்த இரு புள்ளிகளுக்கு இடையே தூரம் அபத்தமாக இருக்கிறது என்று பாருங்கள். அதை அழித்து மறுபடி போடும்போது, முந்தைய புள்ளிக்குப் பக்கத்து அட்சரேகை, தீர்க்கரேகை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

கடல் கடக்கும் ரூட்டில் இன்னொரு வலை இருக்கிறது. வடக்கு 50, மேற்கு 30 என்ற புள்ளியை பிளானர் ஒரு விதமாக அச்சிடும். எஃப்எம்சி வேறு விதமாகக் கேட்கும். ஐந்து எழுத்துச் சுருக்கத்தில் அது 5030-உம் கடைசியில் என் எழுத்தும். வடக்கும் மேற்கும் சேர்ந்தால் என், வடக்கும் கிழக்கும் சேர்ந்தால் ஈ, தெற்கும் கிழக்கும் சேர்ந்தால் எஸ், தெற்கும் மேற்கும் சேர்ந்தால் டபிள்யூ. தீர்க்கரேகை 100-ஐத் தாண்டினால் முதல் இலக்கம் விழுந்துவிடும். எழுத்து நடுவில், மூன்றாம் இடத்துக்கு வரும். எழுத்தின் இடம் மாறினால் புள்ளி நூறு டிகிரி தள்ளிப் போய்விடும்.

அறிகுறி: ரூட்டில் டிஸ்கன்டினியூட்டி

எஃப்எம்சியில் பாதை அறுந்து நிற்கும் இடம் இது. எல்லாவற்றையும் பார்த்த மாத்திரத்தில் அழிக்கக் கூடாது. இரண்டு வகை உண்டு.

சிட் முடிந்து ரூட் தொடங்கும் இடத்திலோ, ஸ்டார் முடிந்து அப்ரோச் தொடங்கும் இடத்திலோ வருவது வெறும் இணைப்புப் பிழை. ஏர்பஸ்ஸில் கிளியர் அடித்து அந்த வரியைத் தொட்டால் போகும். போயிங்கில் அடுத்த புள்ளியை எடுத்து, பெட்டிகள் காட்டும் வரியில் போட்டு எக்ஸிக்யூட் அழுத்த வேண்டும். ஆனால் அதற்கு முன், அப்ரோச்சுக்குச் சரியான டிரான்சிஷனை (இணைப்புப் பாதை), ஏர்பஸ்ஸில் வியாவை, தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்டாரின் கடைசிப் புள்ளியும் டிரான்சிஷனின் முதல் புள்ளியும் ஒன்றாக இருந்தால் இடைவெளி வரவே வராது.

"மேனுவல்" அல்லது "வெக்டர்" என்ற வரிக்குப் பின் வருவது வேறு. கட்டுப்பாட்டாளர் திசை சொல்லும் வரை அதே ஹெடிங்கில் (திசையில்) போ என்று சார்ட்டே சொல்கிறது. அதை அழித்தால் விமானம் அடுத்த புள்ளிக்குத் தானே வெட்டித் திரும்பிவிடும், சில சமயம் மலைக்கு நேராக. தனியாகப் பறக்கும்போது அங்கே ஹெடிங் மோடுக்குப் போய், நீங்களே திருப்பி, பிறகு அடுத்த புள்ளிக்கு டைரக்ட் கொடுங்கள்.

அறிகுறி: சார்ட்டில் 04, சிமுலேட்டரில் 05

பூமியின் காந்தத் திசை நகர்ந்துகொண்டே இருப்பதால் ஓடுபாதைகளுக்கு அவ்வப்போது புது எண் வருகிறது. லண்டன் ஸ்டான்ஸ்டெட்டில் 05/23 என்றிருந்தது 2009-இல் 04/22 ஆனது; டாம்பாவில் 18/36 என்றிருந்த இணை ஓடுபாதைகள் 2011-இல் 19/01 ஆயின. பழைய சீனரி (சிமுலேட்டரின் நிலக்காட்சி) பழைய எண்ணையே காட்டும். எஃப்எம்சி புதிய எண்ணை எதிர்பார்க்கும். நிலம் மாறவில்லை, பெயர்தான் மாறியது; எனவே எஃப்எம்சியில் புதிய எண்ணையே போட்டுப் பறக்கலாம். சிமுலேட்டரின் உள்ளக ஏடிசி (கட்டுப்பாட்டாளர் குரல்) மட்டும் பழைய எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு அறிகுறி: சார்ட் சொன்ன கோர்ஸை (செல்ல வேண்டிய திசை) வைத்தாலும் விமானம் இரண்டு மூன்று டிகிரி கோணலாக நிற்கிறது. சிமுலேட்டரின் காந்தவிலகல் அட்டவணை பழையது. எஃப்எஸ்எக்ஸ், பிரிபேர்3டி ஆகிய சிமுலேட்டர்களில் "மேக்டெக்" என்ற ஒரே கோப்பு அது; புதியதைப் போட்டால் சரியாகும். அதுவரை கோர்ஸ் எண்ணை நம்பாமல் ஊசியை நம்புங்கள்.

அறிகுறி: ஒரே ஒரு விமான நிலையத்தில் மட்டும் சிட், ஸ்டார், அப்ரோச் காணவில்லை

மற்ற இடங்களில் சரியாக இருந்து ஓரிடத்தில் மட்டும் பட்டியல் காலி என்றால், அங்கே நீங்கள் போட்ட ஆட்-ஆன் சீனரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சில சீனரிகள் மூல விமான நிலையத்தை அழித்துத் தங்களுடையதை வைக்கும்போது அப்ரோச்களையும் சேர்த்து அழித்துவிடுகின்றன. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் என்றால் கம்யூனிட்டி கோப்புறையிலிருந்து அதை வெளியே எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பட்டியல் திரும்பி வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. தனியாக நேவ்டேட்டா பொதி வைத்திருப்பவர்கள், அது சீனரிக்குப் பிறகு ஏறும்படி வரிசை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஐஎல்எஸ் பிடிக்கவில்லை

இந்த வரிசையிலேயே பாருங்கள். முதல் மூன்றிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும்.

1. ஊசியின் மூலம். ஜி1000, ஜிஎன்எஸ் 430 போன்ற கருவிகளில் சிடிஐ பொத்தான் (ஊசியின் மூலத்தை மாற்றுவது) ஜிபிஎஸ்ஸில் நின்றால் ஊசி ஜிபிஎஸ்ஸைத்தான் காட்டும், கிளைட்ஸ்லோப் (இறங்கும் சரிவு) வராது. ஜி1000-இல் நிறம் பாருங்கள்: மெஜந்தா என்றால் ஜிபிஎஸ், பச்சை என்றால் லோக்கலைசர் (ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் ஐஎல்எஸ் பகுதி). ஊசி நடுவில் அழகாக நிற்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. அதுதான் இந்தப் பிழையின் கெட்ட குணம்.

2. அலைவரிசை. அது ஸ்டாண்ட்பையிலேயே உட்கார்ந்திருக்கலாம். 737-இல் எஃப்எம்சி ஐஎல்எஸ்ஸைத் தானாக டியூன் செய்யாது. இரண்டு நேவ் ரேடியோவிலும் அலைவரிசை, இரண்டு பக்கமும் கோர்ஸ் என்று கையால் வைக்க வேண்டும். ஏர்பஸ் தானே டியூன் செய்யும். ஆனால் எல்எஸ் பொத்தானை அழுத்தாவிட்டால் திரையில் தெரியாது.

3. ஐடென்ட். ரேடியோவில் வரும் அடையாள எழுத்துகள் சார்ட்டில் இருப்பவைதானா? அலைவரிசை சரியாக இருந்தும் எழுத்து வரவில்லையென்றால், சிமுலேட்டர் உலகத்தில் அந்த ஐஎல்எஸ் இல்லை, அல்லது வேறு அலைவரிசையில் இருக்கிறது. சிமுலேட்டரின் சொந்த வரைபடத்தில் அல்லது லிட்டில் நேவ்மேப் நிரலில் அந்த விமான நிலையத்தைத் திறந்து, அது சொல்லும் எண்ணை எடுங்கள். இங்கே சார்ட் சொல்வது செல்லாது. ரேடியோ சிமுலேட்டர் உலகத்தோடு மட்டும்தான் பேசும்.

4. மோட். லோக், நேவ் பொத்தான்கள் பக்கவாட்டை மட்டும்தான் பிடிக்கும். கீழே இறங்க அப்ரோச் பொத்தான் வேண்டும்.

5. கோணமும் உயரமும். லோக்கலைசரை 30 டிகிரிக்கு மிகாமல் வெட்டுங்கள்; கிளைட்ஸ்லோப்பைக் கீழிருந்து சந்தியுங்கள். 3 டிகிரிச் சரிவுக்கு ஒரு கடல்மைலுக்கு சுமார் 318 அடி. ஓடுபாதை முனையிலிருந்து 8 மைலில் 2,500 அடி, அதோடு விமான நிலையத்தின் உயரத்தைக் கூட்டுங்கள். 1,000 அடி உயரத்தில் இருக்கும் விமான நிலையத்துக்கு 8 மைலில் 5,000 அடியில் நின்றால் நீங்கள் சரிவுக்கு மேலே, காத்திருந்து பயனில்லை.

ஐந்தும் சரியாக இருந்து, பிடித்த பின்பும் விமானம் ஓடுபாதைக்குப் பக்கத்தில் புல்லில் இறங்கப் பார்த்தால் சீனரியும் ஐஎல்எஸ்ஸும் வெவ்வேறு தரவிலிருந்து வந்தவை. ஓடுபாதை தெரிந்ததும் ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டுக் கையால் இறக்குங்கள்.

அறிகுறி: ஆர்நேவ் அப்ரோச்சில் கிளைட்பாத் வரவில்லை

ஆர்நேவ் என்பது ஜிபிஎஸ் வழி அப்ரோச். சார்ட்டின் அடியில் மினிமா (ஓடுபாதை தெரியாமல் எதுவரை இறங்கலாம்) அட்டவணையைப் பாருங்கள். எல்பிவி அல்லது எல்நேவ்/வீநேவ் வரி இருந்தால்தான் அந்த அப்ரோச்சில் முறையான செங்குத்து வழிகாட்டல் இருக்கிறது. எல்நேவ் வரி மட்டும் என்றால் படிப்படியாக நீங்களே இறங்க வேண்டும். எல்பிவி இருந்தாலும் விமானத்தின் ஜிபிஎஸ் எஸ்பிஏஎஸ் என்ற செயற்கைக்கோள் திருத்தத்தை ஏற்பதாக இருக்க வேண்டும். பழைய ஜிபிஎஸ் மாதிரிகள் ஏற்காது. ஏ320, 737 போன்றவற்றில் பொதுவாக எல்நேவ்/வீநேவ் வரியை எடுங்கள்.

இவை எல்லாம் சரி என்றால் ஆக்டிவ் லெக்கை, அதாவது இப்போது பறக்கும் துண்டை, பாருங்கள். அப்ரோச்சை லோட் செய்வது வேறு, ஆக்டிவேட் செய்வது வேறு. ஜிபிஎஸ் இன்னும் விமான நிலையத்துக்கே டைரக்டாகப் போய்க்கொண்டிருந்தால் கிளைட்பாத் எழாது. ஃபைனல் அப்ரோச் ஃபிக்ஸுக்குப் போகும் லெக்கைத் தேர்ந்து ஆக்டிவேட் செய்தால் வரும்.

வளைந்து வரும் அப்ரோச்சில் விமானம் நேர்கோட்டில் வெட்டுகிறதா? சார்ட்டில் ஆர்எஃப் (வளைவுத் துண்டு) தேவை அல்லது ஏஆர் (தனி அனுமதி வேண்டும்) என்று குறிப்பு இருக்கும். நியூசிலாந்தின் குயின்ஸ்டவுன் இதற்குப் பெயர்போனது. எளிய விமானங்களின் ஜிபிஎஸ்ஸுக்கு அந்த வளைவு தெரியாது. மலை சூழ்ந்த இடத்தில் அதை நம்பி மேகத்துக்குள் போகாதீர்கள். வேறு அப்ரோச்சை எடுங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்று: பல நாடுகளில் சார்ட் "ஆர்என்பி" என்கிறது, அமெரிக்கச் சார்ட் "ஆர்நேவ் ஜிபிஎஸ்" என்கிறது, எஃப்எம்சி "ஆர்என்வி" என்கிறது. பொதுவாக மூன்றும் ஒன்றே. ஆனால் அமெரிக்கச் சார்ட்டில் "ஆர்நேவ் ஆர்என்பி" என்று வந்தால் அது மேலே சொன்ன ஏஆர் வகை. ஒரே ஓடுபாதைக்கு இசட், ஒய் என்று இரண்டு இருந்தால், மினிமாவும் மிஸ்டு அப்ரோச்சும் (இறங்காமல் மேலேறும் வழி) வேறுபடலாம்; எஃப்எம்சியில் தேர்ந்த எழுத்தும் திறந்த சார்ட்டின் எழுத்தும் ஒன்றாக இருக்கட்டும். விஓஆர்-ஏ போல ஓடுபாதை எண்ணே இல்லாமல் எழுத்து மட்டும் இருந்தால் அதில் சர்க்ளிங் (சுற்றி வந்து இறங்கும்) மினிமா மட்டும்தான். நேராக இறங்கலாம் என்று எண்ண வேண்டாம்.

அறிகுறி: இறங்க வேண்டிய இடம் வந்தும் விமானம் இறங்கவில்லை

போயிங்கில் எம்சிபி (ஆட்டோபைலட் பலகை) உயரத்தைக் குறைத்து வைத்தீர்களா? வீநேவ் (செங்குத்துப் பாதை மோட்) அந்த எண்ணைத் தாண்டி ஒருபோதும் இறங்காது. குறைக்காவிட்டால் "ரீசெட் எம்சிபி ஆல்ட்" என்று கேட்கும். ஏர்பஸ் தானாக இறங்கவே இறங்காது: உயரத்தைத் திருப்பி, குமிழை உள்ளே அழுத்த வேண்டும்.

இறங்கியும் மேலேயே நிற்கிறது, "டிராக் ரிக்வயர்ட்" (வேகத்தடை தேவை) வருகிறது என்றால் பின்காற்று. இறக்கத்துக்கான காற்றை எஃப்எம்சியில் ஏற்றவில்லை. அது காற்றே இல்லை என்று கணக்கிட்டிருக்கிறது. மனக்கணக்கு ஒன்று போதும்: இழக்க வேண்டிய ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் 3 மைல், வேகம் குறைக்க 10 மைல். 36,000-லிருந்து 3,000-க்கு 33 × 3 = 99, கூட 10, ஆக 109 மைல். இறங்கும் வேகம் தரைவேகத்தின் 5 மடங்கு: 450 நாட் வேகத்தில் நிமிடத்துக்கு 2,250 அடி.

சார்ட்டின் உயரத்தை விமானம் மதிக்கவில்லை என்று தோன்றினால் கோட்டைப் பாருங்கள். அமெரிக்கச் சார்ட்டில் எண்ணுக்குக் கீழே கோடு என்றால் அதற்குக் குறையக் கூடாது. மேலே கோடு என்றால் அதைத் தாண்டக் கூடாது. இரண்டும் என்றால் அதே உயரம். கோடே இல்லை என்றால் வெறும் பரிந்துரை. எஃப்எம்சியில் எண்ணுக்குப் பின் ஏ வந்தால் "அல்லது மேலே", பி வந்தால் "அல்லது கீழே". 5000ஏ என்ற இடத்தில் விமானம் 7,000-இல் கடந்தால் அது தவறு செய்யவில்லை.

அறிகுறி: மினிமாவுக்கு வந்துவிட்டோம், உயரம் பொருந்தவில்லை

ஆல்டிமீட்டர் (உயரமானி) இன்னும் 1013-இல், அதாவது பொது அழுத்த அளவில், இருக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி. உண்மையான க்யூஎன்எச் (அந்த இடத்தின் கடல்மட்ட அழுத்தம்) 1003 என்றால், கருவி காட்டுவதைவிட நீங்கள் 270 அடி தாழ்வாக இருக்கிறீர்கள். 200 அடி மினிமாவில் இது தரைக்குள் போகும் கணக்கு. இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையே மாறும் டிரான்சிஷன் உயரம் அமெரிக்காவில் 18,000 அடி. மற்ற நாடுகளில் இடத்துக்கு இடம் வேறு, சார்ட்டில் அச்சிட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் பி விசை அந்த இடத்தின் அழுத்தத்தை வைத்துவிடும்.

வெப்பநிலையையும் கணக்கில் எடுக்கும் சிமுலேட்டரில் கடுங்குளிர் இன்னொரு காரணம். இயல்பைவிட ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் உயரத்தில் சுமார் 4 சதவீதம் பிழை. ஆர்நேவ் சார்ட்டில் "இத்தனை டிகிரிக்குக் கீழே பாரோ-வீநேவ் கூடாது" (காற்றழுத்த உயரத்தை நம்பும் செங்குத்து வழிகாட்டல்) என்ற குறிப்பு இதற்குத்தான்.

மினிமா அட்டவணையில் தவறான பத்தியைப் படிப்பதும் உண்டு. பத்தி, ஓடுபாதை முனையைக் கடக்கும் வேகத்தைப் பொறுத்தது: 91 நாட் வேகத்துக்குக் கீழே ஏ, 120 வரை பி, 140 வரை சி, 165 வரை டி. செஸ்னா 172 ஏ, ஏ320 சி, 747-400 டி. அட்டவணையில் பெரிய எண்ணை ஆல்டிமீட்டரில் வையுங்கள். அடைப்புக்குள் இருக்கும் சிறிய எண் தரையிலிருந்து எவ்வளவு என்பது மட்டும்.

அறிகுறி: சார்ட்டில் என் விமானம் தெரியவில்லை

நேவிகிராஃப் நிறுவனத்தின் சார்ட் என்றால் சிம்லிங்க் என்ற சிறு நிரல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது இல்லாமல் சார்ட்டுக்கு உங்கள் இடம் தெரியாது. ஒரு சார்ட்டில் தெரிகிறது, இன்னொன்றில் இல்லை என்றால் பிழையே இல்லை: அளவுக்கு ஏற்ப வரையாத சிட், ஸ்டார் சார்ட்டுகளில் விமானத்தை வைக்க வழி கிடையாது.

அறிகுறி: எஃப்எம்சி எரிபொருள் போதாது என்கிறது

முதலில் அலகு. பிளான் கிலோவிலும் விமானம் பவுண்டிலும் இருந்தால் தேவையானதில் பாதிக்கும் குறைவாகத்தான் நிரப்பியிருப்பீர்கள். 1 கிலோ 2.2 பவுண்ட். அலகு சரி என்றால் க்ரூஸ் உயரத்தைப் பிளானோடு ஒப்பிடுங்கள். பிறகு ரூட்டில் மேலே சொன்ன தவறான வேபாயின்ட் ஒளிந்திருக்கிறதா என்று லெக்ஸ் பக்கத்தை ஒருமுறை புரட்டுங்கள்.